அடிபடாதவனுக்குப் போட்ட கட்டு

எங்கள் பக்கத்தில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வெளியே வருகிற மனிதன் நேராக வீட்டுக்குப் போவதில்லை. ஆட்டோ பிடித்து என் வைத்தியசாலைக்கு வருவான். பின்னால் இன்னொரு ஆட்டோவில் அம்மா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒரு கூட்டம் வரும். அம்மா கையில் மாற்றுத் துணி இருக்கும், சித்தப்பா காதில் போன் இருக்கும். அவன் என் எண்ணெய்ப் பலகையில் ஏறிப் படுத்த பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வரும்.

நான் சித்த மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவன். வாசல் பலகையிலும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். அதை இதுவரை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. வர்ம வைத்தியம் பார்க்கிறவன் இந்த ஜில்லாவில் ஆசான்தான். டாக்டர் என்று கூப்பிட வைக்க ஆரம்பத்தில் சில வருடம் முயன்று பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

ஸ்டேஷனிலிருந்து ஏன் இங்கே வருகிறார்கள் என்றால், போலீஸ்காரர்களுக்கும் வர்மம் தெரியும் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். அடித்த அடி இன்றைக்குத் தெரியாதாம், உள்ளே கிடந்து பத்து வருடம் கழித்து ஒரு மழைக்காலத்தில் வெளியே வருமாம். அதனால் சூட்டோடு சூடாக எடுத்துவிட வேண்டும். எனக்குத் தெரிந்த போலீஸ்காரர்களில் பாதிப் பேர் தங்கள் முழங்கால் வலிக்கே என்னிடம்தான் வருகிறார்கள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிரிப்பார்களே தவிர நம்ப மாட்டார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் வெளியே சொல்வதில்லை. ஸ்டேஷனுக்குப் போய்விட்டு அடிபடாமல் வருகிறவனை ஊர் சந்தேகப்படும். 'சும்மா விட்டானுவளா?' என்று டீக்கடையில் ஒருவன் கேட்டால் போதும். யாரையோ காட்டிக் கொடுத்திருக்கிறான், அல்லது பெரிய இடத்தில் ஆள் வைத்திருக்கிறான் என்று பொருள். இரண்டுமே அவனுக்கு நல்லதில்லை. ஆகவே அடி வாங்கியவனும் என்னிடம் வருவான், அடி வாங்காதவனும் வருவான். முன்னவன் வலிக்காக, பின்னவன் மானத்துக்காக.

அடி வாங்காதவனுக்கும் நான் எண்ணெய் போட்டுத் தடவி, முறிவெண்ணெயில் நனைத்த துணியால் ஒரு சின்னக் கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஒரு பகல் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தவன் தோளைத் தொட்டுப் பாருங்கள், மரக்கட்டை மாதிரி இருக்கும். பயத்துக்கும் வைத்தியம் வேண்டும்.

இந்த வழக்கம் ஒருமுறை என்னையே கொண்டுபோய் ஒரு முச்சந்தியில் நிறுத்தியது. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை. ஸ்டேஷன் எது என்று எழுதப் போவதில்லை. எங்கள் வைத்தியசாலையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம், அவ்வளவுதான்.

அந்த ஸ்டேஷனுக்கு ஒரு பெண் எஸ்.ஐ. வந்திருந்தார். கிழக்கே திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பது வயது இருக்கும். ஒரு காலை நேரம் சந்தை ஜங்ஷனில் வாகன சோதனை. ஒரே பைக்கில் வந்த இரண்டு இளைஞர்கள் நிறுத்தாமல் வேகம் எடுத்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் ஒதுங்கப் போய் சாக்கடைக்குள் விழுந்தார். பைக்கும் கொஞ்ச தூரத்தில் சறுக்கியது. பின்னால் இருந்தவன் மதில் சாடி ஓடிவிட்டான். ஓட்டி வந்தவனும் ஓடப் பார்த்தான். எஸ்.ஐ. அவன் கையைப் பிடித்துப் பின்பக்கமாக முறுக்கி ஜீப்பில் ஏற்றினார். மீன் வாங்க வந்தவர்கள், வாழைக்குலை இறக்கியவர்கள் எல்லார் கையிலும் போன் இருந்தது.

சாயங்காலமே அவனை ஸ்டேஷன் ஜாமீனில் விட்டுவிட்டார்கள். வழக்கம்போல இரண்டு ஆட்டோக்கள் என் வாசலில் வந்து நின்றன. நான் கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டு அவனை மட்டும் உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்தேன். மணிக்கட்டில் பிடித்த தடம் இருந்தது. தோளில் கொஞ்சம் இழுப்பு. வேறு எதுவும் இல்லை.

"அடிச்சாவளா?" என்று கேட்டேன்.

"ஒரு அடி அடிக்கல்ல ஆசானே. கட்டஞ்சாயா வாங்கித் தந்தாவ."

"பின்ன எதுக்குல இஞ்ச வந்த?"

"ஒரு கெட்டு போடணும். தோளுல இருந்து கைவரைக்கும்."

"எதுக்கு?"

"ஓடுனானே எனக்க கூட்டாளி, அவன வீட்டுல போய் பிடிச்சிட்டாவ. நான் கெட்டில்லாம எறங்குனா, நான்தான் காட்டிக் குடுத்தேன்னு சொல்லுவானுவ. அவனுக்க அண்ணன் சும்மா விடமாட்டான்."

"நீ காட்டிக் குடுத்தியா?"

"பைக்கே அவன் பேருலதான ஆசானே இருக்கு. நம்பரப் பாத்துப் போய் பிடிச்சிருக்காவ. இத நான் யாருட்ட போய் சொல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோளில் இழுப்பு இருந்ததும் உண்மைதான். எண்ணெய் தடவி, தோளிலிருந்து முழங்கை வரை ஒரு கட்டுப் போட்டு, கையைத் தாங்கக் கழுத்தில் தூளி மாட்டிவிட்டேன். நாளை சாயங்காலம் வா, அவிழ்த்துவிடுகிறேன் என்றேன். எங்கள் வைத்தியத்தில் கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். இன்னொருவர் கை வைத்தால் எலும்பு சேராது என்று ஜனங்களுக்கு ஒரு பயம். அந்தப் பயத்தை நாங்களும் கலைப்பதில்லை, ஏனென்றால் எண்ணெயில் ஊறிய கட்டை ஆளாளுக்குப் பிரித்துப் பார்த்தால் வைத்தியம் நடக்காது.

மறுநாள் அவன் வரவில்லை. அவன் படம்தான் வந்தது. என் கட்டோடு, தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணீர் வருகிற மாதிரி முகம் வைத்து, எல்லாப் போனிலும். கூடவே அந்தக் கை முறுக்குகிற வீடியோ. 'கையை முறித்த எஸ்.ஐ.யை வேலைநீக்கம் செய்' என்று ஜங்ஷனில் சாலை மறியல். நாகர்கோவில் பஸ்ஸும் திருவனந்தபுரம் பஸ்ஸும் வரிசையாக நின்றன. எல்லாக் கட்சியும் வந்தது, எல்லாச் சாதியும் வந்தது. நான் போய்ப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். எங்கேயோ ஒரு ஊரில் பிடிபட்டவன் கையில் மாவுக்கட்டோடு நிற்கிற படம் வரும், 'கழிப்பறையில் வழுக்கி விழுந்தார்' என்று செய்தி வரும். தமிழ்நாட்டு ஸ்டேஷன் கழிப்பறைகளையெல்லாம் ஒரே கொத்தனார்தான் கட்டினார் போலிருக்கிறது. அந்தப் படங்களைச் சிரிக்கிற பொம்மை போட்டு எனக்கு அனுப்பியவர்கள்தான் இன்றைக்கு நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

என் கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. சில மாதங்களுக்கு முன் அதே ஸ்டேஷனிலிருந்து என்னிடம் இன்னொருவர் வந்திருந்தார். ஆட்டோவில் அல்ல, பஸ்ஸில். கூட யாரும் இல்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், நாற்பது தாண்டிய மனிதர், சாலை மறியல் நடந்த அதே ஊர்க்காரர். தன் அளவுக்கு மீறிய பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு, படிக்கட்டில் கையை ஊன்றி ஏறி வந்தார். தோட்டத்துப் பாறையில் சறுக்கிவிட்டேன் என்றார். பாதத்தைப் பார்த்தேன். பாறையில் சறுக்குகிறவனுக்கு இரண்டு உள்ளங்காலிலும் ஒரே மாதிரி வரிவரியாகக் கன்றிப்போகாது. அதைத் தெரிந்துகொள்ள வர்மம் படிக்க வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குப் போம் என்றேன். மாட்டேன் என்றார். எண்ணெய் போட்டு, இரண்டு பாதத்திலும் கட்டுக் கட்டி பஸ் ஏற்றிவிட்டேன். இரண்டாவது தடவை எண்ணெய் போடும்போதுதான் சொன்னார்.

ஒரு புகைக்கூடத்தில் உலர்த்த வைத்திருந்த ரப்பர் ஷீட் திருட்டுப் போயிருக்கிறது. அங்கே முன்பு வேலை பார்த்தவர் என்று இவரைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஒரு ஏட்டு சுவரோரம் உட்கார வைத்துக் காலை நீட்டச் சொல்லியிருக்கிறார். "ஒத்துக்கிட்டேன் ஆசானே" என்றார். "ஒத்துக்கிட்டா விட்டிருவாவன்னு நெனச்சேன்."

விடவில்லை. திருட்டு வழக்கு விழுந்தது. ஜாமீனில் வந்தவருக்கு எந்தத் தோட்டக்காரரும் பால் வெட்ட மரம் கொடுக்கவில்லை. ஒத்துக்கொண்டவன் திருடன்தானே என்றார்கள். இலவசச் சட்ட உதவி வக்கீல் ஒருவர் அவருக்காக மனு போட்டிருந்தார். அந்த மனுவுக்குச் சாட்சி நான் ஒருவன்தான். அவர் பாதத்தைப் பார்த்த வேறு ஆளே கிடையாது. மனு எங்கேயோ காகிதக் கட்டுக்கடியில் கிடந்தது. இந்த இளைஞன் விஷயத்துக்கோ மறியல் நடந்த வாரமே விசாரணை அதிகாரி போட்டுவிட்டார்கள். என்னையும் வரச் சொன்னார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சாதாரணச் சுடிதார். எஸ்.ஐ. என்று உடனே தெரியவில்லை.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. "அந்தப் பையன் கை முறிஞ்சிருக்கா?"

"நாளைக்கு விசாரணையில கேப்பாவளே."

"எனக்கு இப்பவே தெரியணும். ஓடப் பார்த்தான், பிடிச்சு முறுக்கினேன். எவ்வளவு பலம் போட்டேன்னு எனக்கே தெரியல. முறிஞ்சிருந்தா சொல்லிடுங்க. நானே ஒத்துக்கிட்டுப் போயிடுறேன்."

இப்படி ஒரு கேள்வியோடு போலீஸ்காரர் யாரும் என் வைத்தியசாலைப் படி ஏறியதில்லை. முறியவில்லை என்றேன். பின்னே எதற்குக் கட்டு என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அடிக்காம விட்டா காட்டிக் குடுத்தவன்னு அர்த்தமா? அப்படின்னா எங்களைப் பத்தி என்னதான் நினைச்சு வெச்சிருக்காங்க?"

"நெனைக்கதுக்குக் காரணம் இருக்கு" என்று ரப்பர் வெட்டுகிறவர் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. அந்த வாரம் தான் பயிற்சிக்குப் போயிருந்ததாகச் சொன்னார்.

"வந்து கேட்டேன். பாறையில விழுந்தார்னு சொன்னாங்க. நம்பிட்டேன்."

"நெசமாவே நம்புனியளா?"

"நம்புறது சுலபமா இருந்துச்சு டாக்டர்" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

அன்று சாயங்காலம் வக்கீலிடம் போனில் பேசினேன். அவர் பதறிப்போனார். அடிபடாதவனுக்குக் கட்டுப் போட்டேன் என்று நான் சொல்லிவிட்டால், ரப்பர்காரர் விஷயத்தில் என் சாட்சி செல்லாக்காசு ஆகிவிடும் என்றார். 'கேட்டவனுக்கெல்லாம் கட்டுப் போடுகிற ஆள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள் என்றார். ஊர்க்காரர்களும் அதையே வேறு விதமாகச் சொல்லி அனுப்பினார்கள். "ஆசான் ஒண்ணும் சொல்லாண்டாம். கெட்டு பேசிக்கிடும்" என்றார் மறியலை முன்னால் நின்று நடத்திய ஒருவர்.

நான் வாயை மூடிக்கொண்டால் செய்யாத தப்புக்கு ஒரு பெண்ணின் வேலை போகும். திறந்தால் ரப்பர் வெட்டுகிறவருக்கு இருந்த ஒரே சாட்சியும் போகும், அவர் காலம் முழுக்கத் திருடனாகவே இருக்க வேண்டியதுதான். இரண்டு பக்கமும் சேர்ந்து என் வாயைப் பொத்துகிறார்கள் என்று தோன்றியதும் எனக்கு ரத்தம் கொதித்தது. கோபம் வந்தால் எனக்குப் புத்தி தெளியும், அது என் சுபாவம். இரண்டையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். என் வார்த்தையை எடுத்துக்கொள்கிறவர்கள் முழுசாக எடுத்துக்கொள்ளட்டும்.

காலையில் ரப்பர் வெட்டுகிறவர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி அழ ஆரம்பித்துவிட்டார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நமக்கு எதுக்கு ஆசானே இந்த வம்பு" என்றார்.

"நீரு திருடுனீரா?"

"சத்தியமா இல்ல."

"பின்ன வாரும். இன்னைக்கு விட்டா எனக்க வாயில இருந்து வாறத ஒருத்தனும் கேக்கமாட்டான். ஒமக்கு வேற சாட்சியும் இல்ல."

அவர் அசையவில்லை. அழுதுகொண்டிருந்த மனைவிதான் எழுந்துபோய்ச் சட்டையை எடுத்து வந்து அவர் மடியில் போட்டார். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன்.

விசாரணை தக்கலையில் ஒரு கட்டடத்தின் மாடி அறையில். அதிகாரி மேஜைக்குப் பின்னால். எஸ்.ஐ. சீருடையில் ஒரு ஓரமாக நாற்காலியில். அந்த இளைஞன் கட்டோடு, அவன் அம்மா, ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர். மீதிக் கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. ரப்பர் வெட்டுகிறவரை வராந்தாவில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.

"நீங்கதான் கட்டுப் போட்டதா?" என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான். அவிழ்க்க வேண்டியதும் நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இளைஞன் பக்கத்தில் போய் முடிச்சில் கை வைத்தேன். அவன் அம்மா ஏதோ சொல்ல வந்தார், ஆனால் கட்டிய ஆசானைத் தடுக்க அவருக்கு வாய் வரவில்லை. துணி முழுவதையும் சுற்றி எடுத்தேன். "தூக்கு" என்றேன். கையைத் தூக்கினான். "மடக்கு, நீட்டு" என்றேன். செய்தான். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

"ஸ்டேஷன்ல இவனை யாரும் அடிக்கல்ல. ஜங்ஷன்ல கையை முறுக்குனாவ, அதனால தோளுல இழுப்பு இருந்தது. அடிபடாம வந்தா காட்டிக் குடுத்தவன்னு ஊரு சொல்லும்னு பயந்தான். அதுக்குத்தான் கெட்டு."

பின்னாலிருந்து, "ஆசான் எத்தன ரூவா வாங்குனாரு?" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். சொன்னவர் வேறு பக்கம் பார்த்தார். போன மாதம்தான் அவர் இடுப்பைச் சரி பண்ணி அனுப்பியிருந்தேன்.

அதிகாரி சாய்ந்து உட்கார்ந்தார். வக்கீல் பயந்தது அப்படியே நடந்தது. "அப்ப கேட்டவங்களுக்கெல்லாம் கட்டுப் போடுவீங்க. அதே ஸ்டேஷன் மேல வந்த இன்னொரு மனுவுலயும் நீங்கதான் சாட்சின்னு பார்த்தேன். அதுவும் இதே மாதிரிதானே?"

"சார், என்கிட்ட கெட்டு போட்டுக்கிட்டுப் போறவன்ல அடிபட்டவனும் உண்டு, அடிபடாதவனும் உண்டு. யாரு எதுன்னு கேட்டா நான் சொல்லுவேன். இப்ப சொன்னேன். இந்த ஊரே எனக்க வைத்தியசாலைக்கு வாற ஊரு. இவிய எல்லாரும் கேக்க விரும்பாத ஒண்ண இவிய மூஞ்சிக்கு நேர சொல்லிட்டேன். பொய் சொல்லுகிறவன் ஆருக்காவது வேண்டித்தான் சொல்லுவான். நான் ஆருக்கு வேண்டிச் சொன்னேன்னு நீங்களே சொல்லுங்க. இதை நம்புனா அதையும் நம்பணும். ஆளு வெளிய நிக்காரு."

கூப்பிட்டேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து நின்றார். ஊர்க்காரர்களுக்கு அவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. தினமும் அவர்கள் கடை வாசல் வழியாகத்தான் அவர் தாங்கித் தாங்கி நடந்து போகிறார்.

அந்த மனுவைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு இது மட்டும் போதும் என்றார் அதிகாரி. அப்போது எஸ்.ஐ. எழுந்தார்.

"சார், அவரால ரொம்ப நேரம் நிக்க முடியாது" என்று தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அது என் ஸ்டேஷன். நான் ஊர்ல இல்லாதப்ப நடந்தது. வந்த பிறகு நான் சரியா விசாரிக்கல. அதையும் சேர்த்து எழுதிக்கங்க. இந்தப் பையன் கையை நான் முறுக்கினதுக்கு என்ன கேள்வி வேணும்னாலும் கேளுங்க, பதில் சொல்றேன். ஆனா இவரை இன்னைக்கே கேக்கணும்."

தனக்குச் சாதகமாக முடிந்த விசாரணையை அவரே மறுபடி திறந்துவிட்டார். அதிகாரி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

ரப்பர் வெட்டுகிறவர் உட்கார்ந்தார். ஏட்டின் பெயரைச் சொன்னார். சுவரோரம் உட்கார வைத்ததைச் சொன்னார், காலை நீட்டச் சொன்னதைச் சொன்னார். மதில் சாடவும் பஸ்ஸை மறிக்கவும் தெரிந்த அத்தனை ஆண்பிள்ளைகளும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இத்தனை மாசமா ஏன் ஊர்ல யார்கிட்டயும் சொல்லல?" என்று அதிகாரி கேட்டார்.

அவர் அந்த இளைஞனைப் பார்த்தார். பிறகு அவனுக்குப் பின்னால் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"இவன் கையில கெட்டப் பாத்ததும் ஊரே ரோட்டுக்கு வந்துது சார். நான் ரெண்டு காலுலயும் கெட்டோட பஸ்ஸுல போனேன். இவிய எல்லாரும் அதே பஸ்ஸுலதான் இருந்தாவ. என்ன ஆச்சுன்னு ஒருத்தர் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அதிகாரி பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார், இதையும் எழுத வேண்டுமா என்று கேட்கிற மாதிரி.

"எழுதுங்க சார்" என்றேன்.

எழுதினார்.